ரெட்டைக் குழந்தைன்னா ஆபரேஷன்தானா? ஒண்ணு தலை கீழே, ஒண்ணு குறுக்கே

பேரையூர்க்காரன் | மார்ச் 9, காலை 10.40

தங்கச்சிக்குத் தலைப்பிரசவம், ரெட்டை. 31 வாரம் முடியுது. நேத்து எடுத்த ஸ்கேன்ல முதல் குழந்தை தலை கீழே, 1.5 கிலோ. ரெண்டாவது குறுக்கே படுத்திருக்கு, 1.4 கிலோ. மதுரையில பார்க்கிற டாக்டரம்மா "ரெட்டைன்னா சிசேரியன்தான், நாள் பார்த்துட்டு வாங்க"ன்னுட்டாங்க. இது பில்லைக் கூட்டறதுக்குச் சொல்றதுன்னு வீட்ல பேச்சு. என் கணக்கும் அதுதான். முதல் குழந்தைக்குத் தலை கீழே இருந்தா ரெண்டுமே சுகப்பிரசவமா வரணும். தப்பா சரியா?

வார்டு அக்கா | மார்ச் 9, மதியம் 1.15

தலையைப் பத்தி அப்புறம் பேசலாம் தம்பி. நஞ்சு, அதாவது நஞ்சுக்கொடி, எத்தனை? குழந்தையைச் சுத்தித் தண்ணி நிக்கிற பனிக்குடம் எத்தனை? அதைச் சொல்லாம யாராலயும் பதில் சொல்ல முடியாது. நேத்து ஸ்கேன்ல தேடாதீங்க. 11 வாரத்துக்கும் 14 வாரத்துக்கும் நடுவுல எடுத்த ஸ்கேன் தாளை எடுங்க. ரெண்டு குடத்துக்கும் நடுவுல இருக்கிற சவ்வு நஞ்சோட சேர்ற இடம் அப்பத்தான் தெளிவாத் தெரியும். கூரா முக்கோணமா உள்ளே ஏறி இருந்தா 'லாம்டா' குறின்னு எழுதியிருப்பாங்க, நஞ்சு ரெண்டு. செங்குத்தா ஒட்டினா 'டி' குறி, நஞ்சு ஒண்ணு. நாள் போகப் போக அந்த முக்கோணம் மங்கிடும், 30 வாரத்துல பார்த்து அடிச்சுச் சொல்றது சிரமம்.

பேரையூர்க்காரன் | மார்ச் 9, மாலை 6.02

எடுத்துப் பார்த்தேன். 'டைகோரியானிக் டைஅம்னியாட்டிக்', லாம்டான்னும் இருக்கு.

வார்டு அக்கா | மார்ச் 9, இரவு 9.30

அப்ப நஞ்சு ரெண்டு, குடம் ரெண்டு. மூணு வகையில இதுதான் லேசானது.

நஞ்சு ஒண்ணு, குடம் ரெண்டுன்னா வேற கணக்கு. ஒரே நஞ்சுக்குள்ள ரெண்டு குழந்தையோட ரத்தக்குழாயும் பின்னிக் கிடக்கும். அதனால 100-க்கு 10 முதல் 15 பேருக்கு ஒரு குழந்தையோட ரத்தம் இன்னொண்ணுக்கு ஓடற சிக்கல் வரும். 16 வாரத்துல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒரு ஸ்கேன் கட்டாயம். அவங்களுக்கும் சுகப்பிரசவம் முயற்சி பண்ணலாம், ஆனா 36 வாரத்தோட முடிச்சுக்கறது நல்லது.

நஞ்சும் ஒண்ணு, குடமும் ஒண்ணுன்னா பேச்சே இல்லை, சிசேரியன். 32-க்கும் 34-க்கும் நடுவுல எடுத்துடுவாங்க. தொப்புள்கொடி ரெண்டும் முறுக்கிக்கும்.

உங்க தங்கச்சிக்கு 37 வாரம் முடிஞ்சதும் பிரசவம் பார்க்கணும்னு பிரிட்டன் வழிகாட்டல் சொல்லுது, அமெரிக்காவுல 38 வாரம். எப்படியும் 40 வரைக்கும் இழுக்கிற வேலை இல்லை. நஞ்சுக்கு வயசாகிறது ரெட்டையில சீக்கிரம்.

தல்லாகுளம் 2 | மார்ச் 10, காலை 8.20

நஞ்சு ரெண்டோ மூணோ இருக்கட்டும். குழந்தை ரெண்டாச்சே, எதுக்குச் சோதனை? மேலே கிழிச்சு எடுத்தா பத்து நிமிஷம். டாக்டரம்மா சொன்னதைக் கேட்டுட்டுப் போங்க. தமிழ்நாட்டுல பாதிப் பேருக்கு ஆபரேஷன்தானே நடக்குது.

வார்டு அக்கா | மார்ச் 10, காலை 11.00

பாதி இல்லை, ஏறக்குறைய 45. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு: தமிழ்நாடு மொத்தம் 44.9 சதவீதம், தனியார்ல 63.8, அரசு ஆஸ்பத்திரிகள்ல 36. அது எல்லாப் பிரசவமும் சேர்ந்த கணக்கு. ரெட்டைக்குன்னு இதுல இருந்து ஒண்ணும் எடுக்க முடியாது.

ரெட்டைக்குன்னே நடந்த பெரிய ஆய்வு ஒண்ணு 2013-ல வந்துச்சு. 25 நாடு, 2,800 பெண்கள், 32 முதல் 38 வாரம், எல்லாருக்கும் முதல் குழந்தை தலை கீழே. சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி பாதிப் பேரைச் சிசேரியன் பக்கமும் பாதிப் பேரைச் சுகப்பிரசவம் பக்கமும் பிரிச்சாங்க. குழந்தை இறந்தது, கடுமையா பாதிச்சது எல்லாம் சேர்த்துச் சிசேரியன் பக்கம் 2.2 சதவீதம், சுகப்பிரசவம் பக்கம் 1.9. வித்தியாசம் இல்லைன்னுதான் அர்த்தம். 1.9 குறைவுன்னு பிடிச்சுக்கிட்டு யாரும் ஆடவேண்டாம்.

தல்லாகுளம் 2 | மார்ச் 10, மதியம் 12.45

அந்த ஆய்வை நானும் படிச்சேன் அக்கா. சுகப்பிரசவம்னு ஒதுக்கினவங்கள்ல 43.8 சதவீதம் பேருக்குக் கடைசியில சிசேரியன்தான் ஆச்சு. 4.2 சதவீதம் பேருக்கு முதல் குழந்தை கீழே, ரெண்டாவது குழந்தை வயித்தைக் கிழிச்சு. ரெண்டு வலியும் ஒரே ஆளுக்கு. இதைச் சொல்லாம விட்டா எப்படி?

வார்டு அக்கா | மார்ச் 10, மாலை 4.10

விடலை, வந்துக்கிட்டே இருந்தேன். நீங்க சொன்ன கணக்கு சரி. ஆனா பக்கத்துலயே இதையும் வைங்க. 2017-ல பிரான்ஸ்ல 5,915 ரெட்டைப் பிரசவத்தைக் கணக்கெடுத்தாங்க. சுகப்பிரசவம்னு திட்டம் போட்டவங்கள்ல 80 சதவீதம் பேருக்கு ரெண்டு குழந்தையும் கீழேயே வந்துச்சு. அங்கே ஒண்ணும் பெண்களோட இடுப்பு வேற இல்லை. ரெண்டாவது குழந்தை குறுக்கே கிடந்தாலும் கால் பக்கம் இருந்தாலும் கையை விட்டு எடுக்கிற பழக்கத்தை அந்த நாட்டு டாக்டர்கள் விடாம வச்சிருக்காங்க. இங்கே பல இடத்துல அந்தப் பழக்கம் தேஞ்சு போச்சு.

அதனால தம்பி, உங்க டாக்டரம்மா பில்லுக்காகச் சொன்னாங்கன்னு அவசரப்பட்டு முடிவு கட்டாதீங்க. ரெண்டாவது குழந்தைக்குக் கையை விடற நம்பிக்கை இல்லாத டாக்டர் "சிசேரியன்தான்"னு சொல்றது நேர்மையான பதில். "பார்த்துக்கலாம், தலை கீழேதானே இருக்கு"ன்னு சொல்ற ஆள்கிட்டதான் எனக்குப் பயம்.

பேரையூர்க்காரன் | மார்ச் 10, இரவு 8.55

ரெண்டாவது குழந்தைக்குக் கையை விடறதுன்னா என்ன செய்வாங்க அக்கா? வீட்ல அம்மா கேக்குறாங்க.

வார்டு அக்கா | மார்ச் 11, காலை 6.30

நீளமா எழுதறேன், மொத்த விவகாரமே இதுலதான் இருக்கு.

முதல் குழந்தை வந்ததும் கொடியை இறுக்கி வெட்டிடுவாங்க. தாய் பக்கத்துக் கொடியில ஒரு கிளிப், அடுத்த குழந்தைக்கு ரெண்டு கிளிப். பின்னாடி நஞ்சு வரும்போது எது யாருதுன்னு தெரியணும்ல. ஒத்தைப் பிரசவத்துல குழந்தை வந்த கையோட தொடையில கர்ப்பப்பையைச் சுருக்கற ஆக்ஸிடோசின் ஊசி 10 யூனிட் போடறது பழக்கம். ரெட்டையில முதல் குழந்தைக்கு அப்புறம் அதைப் போடவே கூடாது. கர்ப்பப்பை இறுகிப் பிடிச்சா உள்ளே இருக்கிற குழந்தைக்கு ரத்தம் போகாது. கை பழக்கத்துல சிரிஞ்சை எடுத்துடுவாங்கன்னு, "ரெண்டும் வந்த பிறகுதான் ஊசி"ன்னு பிரசவத்துக்கு முன்னாடியே வாய்விட்டுச் சொல்லி வைக்கணும்.

உடனே ஒருத்தர் வயித்து மேல கையை வச்சு ரெண்டாவது குழந்தை நேரா இருக்கிற மாதிரி பிடிச்சுக்கணும். முதல் குழந்தை வந்ததும் உள்ளே இடம் தாராளமாயிடும், நேரா இருந்ததுகூடக் குறுக்கே திரும்பும். அதனால ஸ்கேன் மிஷின் அந்த அறையிலேயே நிக்கணும். தலை கீழே இருந்தா, வலி விட்டுப்போயிருந்தா, ஆக்ஸிடோசினைச் சொட்டு மருந்தா ஆரம்பிச்சு, தலை இறங்கினதும் குடத்தை உடைக்கணும். தலை மேலேயே மிதக்கும்போது அவசரப்பட்டுக் குடத்தை உடைச்சா தண்ணியோட கொடி முன்னாடி வந்து விழும். அப்புறம் ஓட்டமா தியேட்டருக்குத்தான். அந்த 4.2 சதவீதத்துல இப்படி வந்தவங்களும் உண்டு.

குறுக்கே கிடந்தா, உங்க தங்கச்சி விஷயம் அதுதான், டாக்டர் கையை உள்ளே விட்டுக் காலைத் தேடுவார். குடம் உடையாம இருக்கணும், தண்ணி இருக்கிற வரைக்கும்தான் குழந்தை வழுக்கித் திரும்பும். கை எது கால் எதுன்னு குதிகாலைத் தொட்டுப் பார்க்கணும். கையைப் பிடிச்சு இழுத்துட்டா தோள் மாட்டிக்கும். முடிஞ்சா ரெண்டு காலையும் பிடிச்சு மெதுவா கீழே கொண்டுவந்து, அப்புறம் குடத்தை உடைச்சு, காலில் இருந்து இடுப்பு, தோள், கடைசியா தலைன்னு எடுப்பாங்க. தெரிஞ்ச கைக்குச் சில நிமிஷ வேலை.

இதுக்குச் சில தடை உண்டு. ரெண்டாவது குழந்தை முதலாவதைவிட ரொம்பப் பெருசா இருந்தா, 20-25 சதவீதத்துக்கு மேல வித்தியாசம்னா, யோசிப்பாங்க. கால் வந்து தலை மாட்டறதுதான் பயம். 1.5 கிலோவுக்குக் கீழே இருந்தாலும் யோசிப்பாங்க. 31 வாரத்து எடையை வச்சு இப்பவே முடிவு பண்ணாதீங்க, 35-36 வாரத்து ஸ்கேன்தான் கணக்கு.

முதல் குழந்தை கால் பக்கமா இருந்தா இத்தனை பேச்சே வேண்டாம், சிசேரியன். அரிதா முதல் குழந்தையோட தாடையும் ரெண்டாவது குழந்தையோட தாடையும் கொக்கி மாதிரி மாட்டிக்கும்.

ஒத்தக்கடை | மார்ச் 11, காலை 9.12

15 நிமிஷத்துல ரெண்டாவது வரலைன்னா கிழிக்கணும்னு எங்கயோ படிச்சேனே?

வார்டு அக்கா | மார்ச் 11, காலை 9.40

கடிகாரத்துக்காகக் கிழிக்கக் கூடாது. துடிப்பு நல்லா இருந்தா, ரத்தப்போக்கு இல்லைன்னா, அரை மணி வரைக்கும் பொறுக்கலாம், அதுக்கு மேலயும் போனது உண்டு. ஆனா நேரம் ஆக ஆக அபாயம் ஏறும், கர்ப்பப்பை வாயும் மறுபடி சுருங்க ஆரம்பிக்கும். சும்மா காத்துக் கிடக்கறதும் தப்பு.

மயக்கமருந்து | மார்ச் 11, இரவு 10.05

என் பக்கத்து விஷயம் மட்டும்.

ரெட்டைக்குச் சுகப்பிரசவம் முயற்சி என்றால் எபிடூரல் (முதுகில் மெல்லிய குழாய் வைத்து இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைப்பது) முன்கூட்டியே போட்டிருப்பது நல்லது. வலி குறைப்பது ஒரு காரணம்தான். உள்ளே கை விடும்போது தாய் துள்ளக் கூடாது, திடீரென்று சிசேரியன் என்றால் அதே குழாயில் மருந்தை ஏற்றி வேலையைத் தொடங்கலாம். பெரும்பாலும் முழு மயக்கம் தேவைப்படாது. கர்ப்பப்பை இறுகிக் குழந்தை திரும்பவில்லை என்றால் நைட்ரோகிளிசரின் 50 முதல் 100 மைக்ரோகிராம் நரம்பில் கொடுத்துத் தளர்த்துவோம். ஒரு நிமிடத்தில் தளரும், சில நிமிடத்தில் தீர்ந்துவிடும். இது நடக்க மயக்கமருந்து டாக்டர் பிரசவ அறையில் இருக்க வேண்டும். வீட்டில் இருந்து அழைத்தால் வருவார் என்பது இதற்கு ஆகாது.

சிசேரியன் முடிவு என்றால் ஸ்பைனல், அதாவது முதுகில் ஒரே ஊசி. ரெட்டை வயிறு மல்லாக்கப் படுத்தால் பெரிய ரத்தக்குழாயை அமுக்கும், பிரஷர் சட்டென்று இறங்கும். இடது பக்கம் சாய்த்துத்தான் படுக்க வைக்க வேண்டும். சாப்பாடு 6 மணி நேரத்துக்கு முன் நிறுத்தம், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன். "பிள்ளைக்குத் தெம்பு வேணும்" என்று யாரும் இட்லியை ஒளித்துக் கொடுக்காதீர்கள்.

தல்லாகுளம் 2: கிழிச்சு எடுக்க பத்து நிமிடம் என்றீர்கள். குழந்தைகளை எடுப்பதற்கு அது சரி. தைத்து முடிக்க இன்னும் அரை மணி, முக்கால் மணி. எழுந்து நடப்பது மறுநாள்.

எழுமலை | மார்ச் 12, காலை 7.00

ரெட்டை வாழைப்பழம் சாப்பிட்டா ரெட்டை பிறக்கும்னு எங்க அப்பத்தா சாப்பிட விடாது. அந்தப் பழத்தை எல்லாம் யார் சாப்பிட்டாங்கன்னு இப்பத் தெரியுது.

நாள் பார்க்கிற விஷயம் ஒண்ணு. சிசேரியன்னா ரெண்டு குழந்தைக்கும் ஒரு நிமிஷம்தான் இடைவெளி, ஜாதகம் ஒண்ணுதான். கீழே வந்தா அரை மணி வித்தியாசத்துல லக்னமே மாறலாம். ஜோசியருக்கு ரெண்டு தட்சிணை.

வார்டு அக்கா | மார்ச் 12, காலை 7.50

ஜோசியர் குறிக்கிற நேரம் 37 வாரத்துக்கு முன்னாடி விழுந்தா அதைத் தூக்கிப் போடுங்க. ரெண்டு வாரம் முன்னாடி எடுத்தா நுரையீரல் தயாராகாது. நல்ல லக்னத்துல பிறந்து கண்ணாடிப் பெட்டியில கிடக்கும்.

பேரையூர்க்காரன் | மார்ச் 14, மாலை 5.25

ரத்த அளவு (ஹீமோகுளோபின்) 9.2 இருக்கு. இது சிசேரியனுக்குத் தடையா, சுகப்பிரசவத்துக்குத் தடையா?

வார்டு அக்கா | மார்ச் 14, இரவு 7.15

ரெண்டுக்கும். இதைத்தான் முதல்ல எழுதியிருக்கணும் நீங்க. ரெட்டையில கர்ப்பப்பை அளவுக்கு மேல விரிஞ்சு கிடக்கும், குழந்தைகள் வந்த பிறகு சுருங்கச் சோம்பும், ரத்தம் கொட்டும். எந்த வழியில எடுத்தாலும் இது உண்டு. 11-க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை.

31 வாரம் தாண்டியாச்சு, மாத்திரையை மட்டும் நம்பி நாளை ஓட்டாதீங்க, ஊசி இரும்பு கேளுங்க. அரசு ஆஸ்பத்திரிகள்ல அயன் சுக்ரோஸ் 200 மில்லிகிராம் ஒருநாள் விட்டு ஒருநாள் ஏத்துவாங்க. ஃபெர்ரிக் கார்பாக்சிமால்டோஸ்னா ஒரே தடவையில 1,000 மில்லிகிராம், கால் மணி நேரம்தான். ரத்தம் ஏற ரெண்டு மூணு வாரம் ஆகும், அதனால இந்த வாரமே. மாத்திரை சாப்பிட்டா டீ காபியோட வேண்டாம், கால்சியம் மாத்திரையோடயும் வேண்டாம். ரெண்டு மணி நேரம் இடைவெளி.

பிரசவத்தன்னைக்கு அதே குரூப் ரத்தம் 2 பை பொருத்திப் பார்த்து எடுத்து வச்சிருக்கணும். ரெண்டு குழந்தையும் வந்த உடனே ஆக்ஸிடோசின், பிறகு சொட்டு மருந்தா தொடரணும். அப்பவும் ஊத்தினா ரத்தப்போக்கை நிறுத்தற டிரானெக்ஸாமிக் ஆசிட் 1 கிராம், 3 மணி நேரத்துக்குள்ள. கர்ப்பப்பையைச் சுருக்கற இன்னொரு ஊசி கார்போப்ரோஸ்ட் ஆஸ்துமாக்காரங்களுக்கு ஆகாது, தங்கச்சிக்கு இழுப்பு இருந்தா இப்பவே சொல்லி வைங்க.

பச்சிளம் பிரிவு | மார்ச் 16, காலை 11.30

எல்லாரும் 37 வாரத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். ரெட்டையில் 100-க்கு 60 பேர் 37 வாரம் முடிவதற்குள்ளேயே தானாக வலி எடுத்து வந்துவிடுகிறார்கள். குறித்த தேதி வரும்வரை குழந்தைகள் காத்திருப்பதில்லை. 34 வாரத்துக்கு முன் வலி வந்தால் நுரையீரலுக்கு டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணிக்கு ஒருமுறை, 4 ஊசி. முதல் ஊசி போட்டு ஒரு நாள் கடந்தால் நல்ல பலன். அதனால் இடுப்பு வலியோ தண்ணீர் கசிவோ தெரிந்தால் "விடியட்டும்" என்று உட்காராதீர்கள்.

பேரையூரில் இருந்து மதுரை ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம். கையில் எழுதி வையுங்கள்: எந்த ஆஸ்பத்திரியில் ஒரே நேரத்தில் இரண்டு வார்மர் (குழந்தையைச் சூடாக வைக்கும் மேசை), இரண்டு குழந்தைக்கும் தனித்தனி ஆள், குறைமாதக் குழந்தைக்கு இடம் இருக்கிறது? தாய் ஒரு ஆஸ்பத்திரியில், குழந்தைகள் இன்னொன்றில் என்று ஆனால் தாய்ப்பாலுக்குத்தான் முதலில் அடி.

இன்னொன்று, உங்கள் 37 வாரம் சித்திரைத் திருவிழா பக்கம் விழுகிறது. அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில் தல்லாகுளம், கோரிப்பாளையம், ஆற்றுப்பாலம் எல்லாம் ஜனம். பெரியாஸ்பத்திரிக்கு, அதாவது அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு, போகிற வழியும் அதுதான். அந்த நாட்களில் 108 எந்தச் சாலையாக வருகிறது என்று முன்னமே கேளுங்கள். அல்லது தங்கச்சியை ஆற்றைத் தாண்டாமல் ஆஸ்பத்திரிக்குப் போகிற மாதிரி இடத்தில் உறவுக்காரர் வீட்டில் வையுங்கள்.

தல்லாகுளம் 2 | மார்ச் 16, மதியம் 2.00

எங்க ஏரியாவையே ஒதுக்கிட்டீங்க. சரி, உண்மைதான்.

ஆனா சிசேரியனுக்கும் நியாயம் சொல்ல ஒரு ஆள் வேணும். குறுக்கே கிடக்கிற குழந்தையைத் திருப்பத் தெரிஞ்ச டாக்டர் இல்லை, ராத்திரி மயக்கமருந்து டாக்டர் இல்லை, ரத்தம் 9. இப்படி ஒரு இடத்துல பகல் பத்து மணிக்கு எல்லாரும் இருக்கும்போது திட்டம் போட்டு எடுக்கறதுதானே புத்தி?

வார்டு அக்கா | மார்ச் 16, மாலை 3.30

முழுசா ஒத்துக்கறேன். அந்த 2013 ஆய்வுலயே பிரசவம் பார்க்கிறவர் ரெட்டையில அனுபவம் உள்ளவரா இருக்கணும், 30 நிமிஷத்துல சிசேரியன் செய்ய வசதி இருக்கணும்னு நிபந்தனை. அது இல்லாத இடத்துக்கு 1.9 கணக்கு பொருந்தாது.

எதிர்ப்பக்கம் ஒண்ணு. அடுத்த பிள்ளை வேணுமான்னு தங்கச்சியும் மாப்பிள்ளையும் பேசணும். வேணும்னா, தழும்பு ஒரு கணக்கு. முன்னாடி ஒரு சிசேரியன் ஆகி, அடுத்த தடவை நஞ்சு கீழே வாயை மறைச்சு உட்கார்ந்தா, அது தழும்புக்குள்ள வேரோடிப் போக 11 சதவீதம் வாய்ப்புன்னு 2006 அமெரிக்க ஆய்வு. ரெண்டு சிசேரியன் ஆகியிருந்தா 40. ரெண்டு பிள்ளையோட போதும், குடும்பக் கட்டுப்பாடு பண்ணப்போறோம்னா அந்த வாதம் பாதி விழுந்துடும். சிசேரியன்லயே சேர்த்துச் செய்யலாம், சுகப்பிரசவம்னா ஒரு வாரத்துக்குள்ள தொப்புளுக்குக் கீழே சின்னக் கீறல்ல செய்யலாம். ஆனா குறைமாதமாப் பிறந்து குழந்தைகள் தேறுமான்னு தெரியாத நிலைமையில அன்னைக்கே கட்டுப்பாடு பண்ணச் சம்மதிக்காதீங்க.

பேரையூர்க்காரன் | ஏப்ரல் 13, இரவு 9.20

36 வாரம் முடிஞ்சது. ரெண்டு டோஸ் ஊசி இரும்பு போட்டு ரத்தம் 10.8. எடை 2.4, 2.3. முதல் குழந்தை அதே தலை கீழே. ரெண்டாவது குறுக்கே இருந்தது இப்பக் கால் கீழே.

நீங்க எல்லாரும் சொன்னதை வச்சு டாக்டரம்மாகிட்ட நேராக் கேட்டேன். ரெண்டாவது குழந்தையைக் காலைப் பிடிச்சு எடுப்பீங்களா, ராத்திரி மயக்கமருந்து டாக்டர் உள்ளேயே இருப்பாரா, ரெண்டு வார்மர் உண்டா? முதல் ரெண்டுக்கும் "இல்லை"ன்னு சொன்னாங்க, கோபப்படலை. பெரியாஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தாங்க, "அங்கே ராத்திரி பகல் ஆள் உண்டு, முயற்சி பண்ணணும்னா அங்கே"ன்னு. தங்கச்சிக்கு முயற்சி பண்ணணும்னு ஆசை. புதன்கிழமை போறோம்.

வார்டு அக்கா | ஏப்ரல் 13, இரவு 10.00

ரெண்டாவது கால் கீழேன்னா குறுக்கே கிடந்ததைவிடச் சுலபம், காலைத் தேட வேண்டியதில்லை. ஆனா வலி எடுத்து உள்ளே போகிறப்ப மறுபடி ஸ்கேன் வைக்கச் சொல்லுங்க, முதல் குழந்தை திரும்பியிருந்தா எல்லாம் மாறிடும். துடிப்புப் பார்க்கிற மிஷின்ல ரெண்டு கோடும் ஒரே மாதிரி ஓடினா ஒரே குழந்தையை ரெண்டு தடவை கேக்குறாங்கன்னு சந்தேகப்படுங்க, சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க.

11-14 வார ஸ்கேன் தாள், ரத்தக் குரூப் சீட்டு, பிக்மி எண் (கர்ப்பத்தைப் பதிவு பண்ணினப்ப அரசு கொடுத்த எண்), ஆதார் எல்லாம் எடுத்து வைங்க. பிக்மி எண் இல்லைன்னா கர்ப்பிணிகளுக்கான முத்துலட்சுமி ரெட்டி திட்டத்து உதவி வராது, பிறப்புச் சான்றிதழும் இழுக்கும். சான்றிதழ் ரெண்டு தனித்தனி, நேரமும் தனித்தனியாப் பதிவாகியிருக்கான்னு டிஸ்சார்ஜுக்கு முன்னாடியே பாருங்க.

எழுமலை | ஏப்ரல் 13, இரவு 10.20

துண்டு, துணி எல்லாம் ரெண்டு ரெண்டா எடுத்துக்கங்கண்ணே. ஒத்தைப் பிள்ளைக்கு எடுக்கிற மாதிரி ஒரு பை கட்டிட்டு வந்து நிக்காதீங்க.